மூன்று ஊர்க் கல்

சுவிஸ் நாட்டின் பாசல் நகரத்துக்குத் தெற்கே, மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சிற்றூர். சென்ற இலையுதிர் காலத்தில் அதன் காட்டோரத்தில், மண்வெட்டிகளோடு நின்ற சுவிஸ்காரர் சிலரின் நடுவே நான் நின்றுகொண்டிருந்ததை நம்மவர் ஒருவர் தமது காரிலிருந்து கண்டிருக்கிறார். அதன்பின் கோவில் மண்டபத்திலும் கலியாண வீடுகளிலும் உலவும் கதை என் காதுக்கும் வந்து சேர்ந்தது. நான் காணி வாங்கி ஏமாந்தேனாம். எல்லைத் தகராறில் ஊராரோடு வழக்காடுகிறேனாம். இந்த வயதில் எனக்கு இது தேவைதானா என்று அனுதாபப்பட்டவர்களும் உண்டாம்.

எண்பதுகளில் சிறு பிள்ளைகளாக இந்நாட்டுக்கு வந்து, இன்று நரைக்குச் சாயம் பூசுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் என் வயதினரே, உங்களுக்கு மட்டும் இதை எழுதுகிறேன். எனக்கு இந்நாட்டில் ஓர் அடி காணியும் இல்லை. பாசல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்றேன்; ஆய்வுகூடமொன்றில் என் உழைப்புக் காலத்தைக் கழித்துவருகிறேன்; வாடகை வீட்டில் வாழ்கிறேன். இவற்றில் எதையும் நான் குறைவாக எண்ணியதில்லை. அன்று அக்காட்டோரத்தில் நான் வழக்காளியாக நிற்கவில்லை, சாட்சியாக நின்றேன். எப்படிச் சாட்சியானேன் என்பதைச் சொல்வதற்கு எனக்குப் பதினொரு வயதான ஒரு வசந்த காலத்துக்குப் போகவேண்டும். அதற்கும் முன்பாக அந்த ஊரின் அமைப்பைச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

ஒரு நீண்ட பள்ளத்தாக்கின் அடியில் ஓர் ஓடை. ஓடையை ஒட்டி ஒரு தெரு. தெருவை ஒட்டி, விளையாட்டுச் சாமானோ என்று நினைக்கும்படி ஒடுங்கிய தண்டவாளத்தில் ஓடும் ஒரு சிறு ரயில். ஊரென்பது அவ்வளவுதான். வெயில் விழும் சரிவில் செரி மரங்கள். வெயில் விழாத சரிவில் பீச் என்னும் நெடுமரங்கள் அடர்ந்த காடு. இரண்டுக்கும் மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. பாறையின் உச்சியில் கூரையில்லாத ஒரு கோட்டைச் சுவர். ஊரின் எந்த மூலையில் நின்றாலும் அந்தச் சுவர் தெரியும். நான் வழி தவறிய நாட்களில் அதைப் பார்த்தே வீடு சேர்ந்திருக்கிறேன்.

முன்னொரு காலத்தில் அத்தெருவழியே வண்டிகள் மலை கடந்து தெற்கே போயினவாம். குதிரை மாற்றுவதற்கென்று பெரிய பெரிய சத்திரங்கள் எழுந்தன. பிறகு வேறொரு பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். வண்டிகள் வருவது நின்றது. நாங்கள் அங்கே வாழ்ந்தபோது அந்தச் சத்திரங்களின் குதிரை லாயங்களில் சைக்கிள்களையும் உருளைக்கிழங்கு மூட்டைகளையும் வைத்திருந்தார்கள்.

வண்டிகள் போன பிறகு ஊரைக் காத்தது பட்டு நாடா. பாசல் நகரத்து முதலாளிமார் பட்டு நூலை அனுப்ப, இங்கே உழவரான கமக்காரர் தத்தம் வீட்டிலேயே தறி போட்டு நாடா நெய்தார்கள். அதுவும் பின்னர் நின்றுபோயிற்று. தறிகளுக்கு வெளிச்சம் வேண்டுமென்று வரிசையாக வைத்த சாளரங்கள் மட்டும் எஞ்சின. நாங்கள் வாடகைக்கிருந்த மேல்மாடி அப்படியொரு தறியறை. மரத் தரையில் தறியின் கால்கள் அழுத்திய குழிகள் அப்படியே இருந்தன. அம்மா அவற்றில் ஒன்றின்மேல் அரிசிப் பெட்டியை வைத்தார். மற்றொன்று நான் கோலிக்குண்டு உருட்டிவிடும் இடமாயிற்று. வெயில் நாட்களில் அந்தச் சாளரங்களின் ஓரம் முழுவதும் செத்தல் மிளகாய் காய்ந்தது. அறையில் பழைய மரத்தின் வாசமும் மிளகாயின் காரமும் கலந்த ஒரு நெடி. இன்றும் பழைய மரச்சாமான் கடைக்குள் நுழைந்தால் எனக்குத் தும்மல் வருகிறது; மிளகாய் அங்கே இல்லாதபோதும் வருகிறது.

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரும் மனைவியும். செரித் தோட்டமும் சில மாடுகளும் அவர்களுக்கிருந்தன. வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். வீட்டுக்காரி, தன் தாயார் நெய்த பட்டு நாடாச் சுருளொன்றை எடுத்து ஒருநாள் என் இரட்டைப் பின்னலில் கட்டிவிட்டார். மயில் கழுத்து நிறம். அந்த நாடாவை ஏதோ ஒரு வீடு மாறலில் தொலைத்துவிட்டேன். காலையில் வீட்டுக்காரி, நீல விளிம்பு வைத்த எனாமல் கூசாவில் கறந்த பாலைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவார். கழுவிய கூசாவை மாலையில் அம்மா அதே படியில் வைப்பார். இருவருக்கும் பொதுவான மொழி அவ்வளவே.

பள்ளியில் அவ்வருடம் எங்களுக்குப் பாடம் அந்த ஊரேதான். யாழ்ப்பாணத்தில் என் வகுப்புத் தோழிகள் உலகத்தின் நீளமான ஆறுகளை மனனம் செய்துகொண்டிருந்த வயதில், இங்கே பூகோளம் வகுப்பறை வாசலிலிருந்து தொடங்கியது. முதலில் முற்றம், பிறகு தெரு, பிறகு ஓடை, பிறகு மலை. ஒவ்வொரு பிள்ளையும் தடித்த அட்டையை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி ஊரின் மலைகளைச் செய்யவேண்டும். அதன்மேல் ஊரின் எல்லையைச் சிவப்பு நூலால் சுற்றிக்காட்ட வேண்டும்.

“ஊர்ப் படம் வெட்டி ஒட்டவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்றார் அப்பா. ஆயினும், அட்டையை நான் கோணலாக வெட்டியபோது பொறுக்கமாட்டாமல் கத்தரிக்கோலைத் தாமே வாங்கிக்கொண்டார். எனக்குச் சோறு ஊட்டாத குறையாக அந்த மலையைச் செய்து முடித்தவர் அவர்தான். கஞ்சிப் பசையால் ஒட்டினோம். காய்ந்ததும் அது சற்றே வளைந்து, ஓடை ஓடும் திசைக்கு எதிராக ஊர் முழுவதும் சரிந்து நின்றது. எனக்கு அது மிக அழகாகத் தெரிந்தது.

என் தகப்பனாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்தவர். அந்த அலுவலகத்துக்கு, அதாவது கந்தோருக்கு, வந்த வழக்குகளில் முக்கால்வாசி வேலி வழக்குகள். வேலியடைக்கும்போது ஒருவன் வேலிக்காலான கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிடுவான். மற்றவன் வழக்கு வைப்பான். பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் காலம்வரை அது நடக்கும். அந்த வழக்குகளின் நடுவே வாழ்ந்த ஒருவர், எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் எதை நினைப்பாரோ அதையே அவரும் நினைத்தார். அவரைச் சிரிப்புக்கு இடமாக்க இதை நான் எழுதவில்லை. அவருடைய அறிவு அவருக்குக் காட்டிய வழியில் அவர் நடந்தார்.

அந்த வசந்த காலத்து ஞாயிறொன்றில் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, ஷ்லீரன் என்ற நகரிலிருந்து வந்திருந்தார். வேறு மாநிலத்துக்கு மாறுவதற்கான அனுமதி எங்களுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. தம்மோடு எங்களையும் அழைத்துப்போகவேண்டும் என்பது அவர் எண்ணம்.

“அண்ணை, இஞ்ச இருந்து என்ன காணப்போறியள்? காலமை மாட்டு மணி, பின்னேரம் கோயில் மணி. கதைக்க ஒரு சனமில்லை. எங்கட கட்டடத்தில மூண்டு தமிழ்க் குடும்பம். கறித்தூள் முடிஞ்சால் பக்கத்துக் கதவைத் தட்டலாம்.”

“தூளுக்காக வீடு மாறுறதோ?” என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

“தூளுக்கில்லை அண்ணி. அண்ணைக்கு நான் வேலை செய்யிற ஃபாப்ரிக்கில இடமிருக்கு. ஹோட்டல் குசினியில கோப்பை கழுவுறதிலும் பார்க்க...”

“நான் கோப்பை கழுவேல்லை,” என்றார் அப்பா. “மெஷின் கழுவுது. நான் பார்த்துக்கொள்ளுறன்.”

“சரி, ஃபாப்ரிக்கிலயும் மெஷின்தான் செய்யுது. அங்க வந்து பார்த்துக்கொள்ளுங்கோவன்.”

அப்பாவும் சிரித்துவிட்டார். ஷ்லீரன் வீட்டின் சொந்தக்காரனுக்கு அடுத்த ஞாயிறுக்குள் பதில் சொல்லவேண்டும் என்று சித்தப்பா சொன்னார். நான் என் அட்டை மலையைப் பார்த்தபடி இருந்தேன். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளைகள் வாய் திறப்பது எங்கள் வீட்டு வழக்கமன்று.

அந்த வேளையில்தான் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவர் பேசியதை நான் மொழிபெயர்த்தேன். வருகிற வியாழன் விடுமுறை; இயேசு விண்ணுக்கு ஏறிய நாள். அன்று ஊரார் எல்லோரும் எல்லையைச் சுற்றி நடந்து கற்களைப் பார்ப்பார்கள். நாங்களும் வரவேண்டும். பிள்ளை கட்டாயம் வரவேண்டும்.

அவர் இறங்கிப்போனதும் அப்பா கதவைச் சாத்தினார்.

“கேட்டியளோ? கல்லுப் பார்க்கவாம்.”

“வெள்ளைக்காரனுக்கும் வேலிச் சண்டையோ அண்ணை?” என்றார் சித்தப்பா.

“மண் இருக்கிற இடமெல்லாம் இருக்கும். ஊரே திரண்டு போகுதெண்டால் பக்கத்து ஊரோட பெரிய வழக்கு. நாங்கள் பிறத்தியார். பிறத்தியாற்ற சாட்சி வழக்குக் கோட்டில எடுபடும். அதுதான் கூப்பிடுகினம்.”

“அப்ப போகாமல் விடுங்கோ.”

“வாசலுக்கு வந்து கூப்பிட்ட மனுசன். போகாமல் விட்டால் இவனுக்குப் பகை. போய்ச் சொன்னால் மற்ற ஊருக்குப் பகை.”

“இல்லையப்பா, ரீச்சர் சொன்னவ, அது திருவிழா மாதிரியாம்,” என்றேன் நான், வழக்கத்தை மீறி. “அங்க சொசேஜ் எல்லாம் சுட்டுத் தருவினமாம்.”

“சாட்சிக்கு வாறவைக்குச் சாப்பாடு போடுறது எல்லா ஊரிலயும் இருக்கு, பிள்ளை,” என்றார் அப்பா. பிறகு நன்றாக யோசித்து முடிவைச் சொன்னார். “போவம். ஆனால் ஆர் என்ன கேட்டாலும் ‘தெரியாது’ எண்டு சொல்லோணும். விளங்குதோ?”

வியாழக்கிழமை ஊரின் மேல் நீலம் கொட்டிக் கிடந்தது. வேறு சில ஊர்களில் அந்நாளில் பழைய துப்பாக்கிகளால் குண்டில்லாத வெறும் மருந்து சுடுவார்கள் என்று பின்னாளில் அறிந்தேன். எங்கள் ஊரில் அந்த வழக்கம் இருக்கவில்லை. இருந்திருந்தால் அம்மா முதல் வெடிக்கே வீட்டுக்குத் திரும்பிப் பெட்டி அடுக்கியிருப்பார். எழுதுவதற்கு எனக்கும் ஒன்றும் இருந்திராது.

ஆண்கள் தொப்பியில் பீச் மரத்தின் இளந்தளிரைச் செருகியிருந்தார்கள். அம்மா சேலையும், வீட்டுக்காரி இரவல் தந்த சேற்றுச் சப்பாத்தும் அணிந்து வந்தார். வீட்டுக்காரி தன் தொப்பிக்கென்று ஒடித்த ஊதாப் பூங்கொத்தில் ஒரு கிளையை அம்மாவிடம் நீட்ட, அம்மா அதைக் கொண்டையில் வைத்துக்கொண்டார். அப்பா கோட்டும் கழுத்துப்பட்டியும், கையில் கறுப்புக் குடையும். வழக்குக்குப் போகிறவரின் உடை அது.

காட்டுப் பாதை முழுவதும் காட்டுப் பூண்டின் வாசம். அம்மா குனிந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து, “ரசம் வைக்கலாம்,” என்றார். ஒவ்வொரு கல்லிலும் கூட்டம் நின்றது. வீட்டுக்காரர் கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்த்து, கல்லைக் கையால் அசைத்துப் பார்த்து, “நிற்கிறது,” என்பார். எல்லோரும் தலையசைப்பார்கள். அப்போதுதான் தெரிந்தது, அவர் அந்த ஊரின் எல்லைச் சபையில் ஒருவர். கல் நடுவதும் நட்ட கல்லைக் காப்பதும் அச்சபையின் பொறுப்பு.

பேக்கரிக்காரர் அப்பாவின் பக்கத்தில் நடந்து வந்தார். நல்ல மனிதர்.

“நடை பிடித்திருக்கிறதா?”

“தெரியாது,” என்றார் அப்பா, தமக்குத் தெரிந்த ஜெர்மனில்.

“மேலேயிருந்து பார்த்தால் மலைத் தொடர் தெரியும். முன்பு பார்த்திருக்கிறீர்களா?”

“தெரியாது.”

“ஒரு வாய் வைன்?”

அப்பா சிறிது தடுமாறி, அதற்கும், “தெரியாது,” என்றார். பேக்கரிக்காரர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டு ஊற்றிக் கொடுத்தார். அப்பா அந்தக் கிண்ணத்தை ஒரு சொட்டும் குடிக்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல் மலையுச்சிவரை ஏந்திக்கொண்டு வந்தார்.

உச்சியில், காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் மூன்று ஊர்க் கல் இருந்தது. மூன்று ஊர்களின் எல்லை அங்கே சந்திக்கிறது. கல்லின் ஒவ்வொரு முகத்திலும் ஓர் ஊரின் சின்னம். பக்கத்தில் பெரிய பீச் மரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்ற இரண்டு ஊராரும் தத்தம் பக்கத்தால் ஏறி வந்து நின்றார்கள்.

“மூண்டு பகுதியும் வந்திட்டுது,” என்றார் அப்பா மெல்ல. தாம் நினைத்தது சரியென்று அவருக்கு உறுதியாகிவிட்டது. எதையும் காணாதவர் எதற்கும் சாட்சியாக முடியாது. ஆகவே கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கோட்டைச் சுவரைப் பார்த்தபடி தள்ளிப்போய் நின்றார். மழை இல்லை, வெயிலும் கடுமையாக இல்லை; குடையை விரித்துக்கொண்டார்.

அதனால்தான் அடுத்து நடந்ததை அவர் பார்க்கவில்லை.

முதன்முறையாக எல்லை சுற்ற வந்த பிள்ளைகளை வீட்டுக்காரர் கல்லின் அருகே அழைத்தார். முதலில் பேக்கரிக்காரரின் மகன் போனான். வீட்டுக்காரர் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவன் சிரித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். கையில், பேக்கரியில் சுட்ட மெத்தென்ற ஒரு பால்பணிசும் அதற்குள் செருக ஒரு துண்டு சொக்லேற்றும் கொடுத்தார்கள். அடுத்து என்னை அழைத்தார். நான் போனேன். கல்லின் ஊர்ச் சின்னம் என் முழங்காலை நோக்கியிருந்தது. அந்தக் கை சுரசுரப்பாக இருந்தது. பால் வாசமும் பாசி வாசமும் அடித்தது. நோகவில்லை. சத்தம்தான் பெரிது.

அந்தச் சத்தத்துக்கு அப்பா திரும்பினார்.

அவர் ஓடி நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை. வைன் கிண்ணம் புல்லில் விழுந்தது. என் கையிலிருந்த பணிசும் விழுந்தது. கந்தோரில் பேசும் ஆங்கிலத்தில், சொல் சொல்லாக, “ஐயா, நீங்கள் என் மகள்மேல் கை வைத்திருக்கிறீர்கள்,” என்றார். கைதட்டல் நின்றது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. அப்பா என் கையைப் பிடித்து இறங்கத் தொடங்கினார். அம்மா குனிந்து, விழுந்த பணிசைப் பொறுக்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

“பேக்கரிக்காரற்ற பெடியனுக்கும் அடிச்சவரப்பா,” என்றேன் வழியில்.

“அவன்ர தகப்பன் பார்த்துக்கொண்டு நிண்டவர். அது அவையின்ர விருப்பம். என்னைக் கேட்டதோ? பொம்பிளைப் பிள்ளை. ஊர் கூடின இடத்தில.” சற்றுத் தூரம் போனபின், “சாட்சி சொல்லேல்லை எண்டு பிள்ளைக்கு அடிக்கிறதோ?” என்றார்.

அன்று மாலையே ரயில் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து சித்தப்பாவை அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற ஒரு வான் வண்டி கொண்டுவரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் படிக்கட்டில் பால் கூசா இருந்தது. அப்பா அதைத் தொடாதே என்றார். மாலையில் அது நிறைந்தபடியே கீழே போயிற்று. சனிக்கிழமையும் அப்படியே. கீழ்த்தளத்தில் எப்போதும் கேட்கும் வானொலி அந்த நாட்களில் கேட்கவில்லை. நாங்கள் பெட்டி அடுக்கினோம். பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று போயின. அட்டை மலை மட்டும் எந்தப் பெட்டிக்குள்ளும் போகவில்லை.

“இதை இஞ்ச விட்டிட்டுப் போவம், பிள்ளை,” என்றார் அப்பா. “ஷ்லீரனில இந்த மலை எதுக்கு?”

நான் அழவில்லை. அதைத் தூக்கித் தறிக் குழிகளுக்கு நடுவே வைத்து, பிரிந்திருந்த சிவப்பு நூலை மறுபடி ஒட்டினேன். மூன்று ஊர்க் கல் இருக்கும் முனையில் நூல் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குண்டூசி ஒன்றைக் கொண்டுவந்து அந்த முனையில் குத்தினார். போகிற வீட்டில் விட்டுப்போகும் பொருளுக்கு ஏன் குண்டூசி குத்தினார் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை சித்தப்பா வந்துவிட்டார். அப்பாவும் அவருமாக முதற்பெட்டியைத் தூக்கும்போது, அம்மா கைப்பையைத் திறந்து, கல்லாகிப்போன அந்தப் பணிசை எடுத்தார். என்னைக் கண்ணால் அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார். வீட்டுக்காரி அடுப்படியில் நின்றார். அம்மா பணிசை மேசைமேல் வைத்து, என் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, தமக்குத் தெரிந்த ஒரே ஒரு ஜெர்மன் கேள்வியைக் கேட்டார்:

“ஏன்?”

வீட்டுக்காரி பணிசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே நின்ற வானைச் சாளரம் வழியே பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டார். அவர் மேலே வருவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை அணிந்துகொண்டார். அதை அப்பா கவனித்தார். பெட்டியைக் கீழே வைத்து, தாமும் கோட்டை எடுத்து அணிந்தார்.

இருவரும் தறியறையில், கட்டிய பெட்டிகளின்மேல் எதிரெதிரே அமர்ந்தார்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

“நோகும்படி அடித்தேனா?” என்று முதலில் என்னைக் கேட்டார் வீட்டுக்காரர். இல்லை என்றேன்.

“ஏன் அடிச்சவர் எண்டு கேள்,” என்றார் அப்பா.

“இடம் மறக்காமல் இருப்பதற்கு. வரைபடம் எரிந்துபோகலாம். கல்லை யாரும் இழுத்து வேறிடத்தில் வைக்கலாம். அடி வாங்கிய பிள்ளை அந்த இடத்தை மறக்காது. என் தகப்பன் எனக்கு ஓடைக்கரைக் கல்லில் அடித்தார்.” தன் இடது கன்னத்தைக் காட்டினார். “கண்ணைக் கட்டி விட்டாலும் அந்தக் கல்லுக்குப் போவேன்.”

அப்பா முன்னால் சாய்ந்தார். அவருக்குள்ளிருந்த கந்தோர் விழித்துக்கொண்டது.

“எல்லாப் பிள்ளையளுக்கும் அடிக்கிறதோ?”

“முதல்முறை வரும் பிள்ளைகளுக்கு.”

“மற்ற ரெண்டு ஊர்க்காரரும் நிண்டு பார்க்கோணுமோ?”

“அவர்கள் பார்க்காவிட்டால் அடித்துப் பயனில்லை.”

“விருந்துக்கு வந்த பிள்ளையளுக்கும் அடிக்கிறதோ?”

வீட்டுக்காரர் அந்தக் கேள்விக்குச் சிரித்தார். வியாழனுக்குப் பின் முதன்முறையாகச் சிரித்தார். “போய்விடப் போகிற பிள்ளையை அடித்து என்ன பயன்? இங்கேயே கிழவியாகப் போகிற பிள்ளையைத்தான் அடிப்போம்.”

நான் அப்பாவைப் பார்த்து அதை அப்படியே சொன்னேன். “அப்பா, நான் இஞ்ச கிழவியாகுவனாம்.”

சித்தப்பா தொண்டையைச் செருமினார். அப்பா குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துத் தமிழிலேயே பேசத் தொடங்கினார். நான் மொழிபெயர்க்கிறேனா என்றும் பார்க்கவில்லை.

“எங்கட தகப்பன்ர காணியிலயும் ஒரு வழக்கு. மேற்குப் பக்கத்து எல்லைக் கதியாலை அயலவன் மாத்திப்போட்டான். ஊரெல்லாம் தெரியும். ஆனால் பழைய கதியால் இந்த இடத்திலதான் நிண்டது எண்டு கோட்டில ஏறிச் சொல்ல ஒருத்தரும் இல்லை. ஆயிரம் வழக்கு எழுதின எனக்கே என்ர வேலியின்ர இடம் சரியாத் தெரியேல்லை. தோத்துப்போனம்.” நிறுத்தி, என் கன்னத்தைப் பார்த்தார். “சின்னனில எனக்கு ஆரும் அந்த இடத்தில ஒரு அடி போட்டிருந்தால், அந்த வழக்கை வெண்டிருப்பன்.”

வீட்டுக்காரர் மொழிபெயர்ப்பைக் கேட்டு மெல்லத் தலையசைத்தார். கல்லை அசைத்துப் பார்த்தபின் அசைக்கும் அதே தலையசைப்பு.

“தம்பி,” என்றார் அப்பா, “வானைத் திருப்பு.”

“என்னண்ணை இது? வானுக்கு எத்தினை பேரைக் கெஞ்சினனான் தெரியுமோ?”

“அவையிட்டச் சொல்லு, பிள்ளைக்கு இஞ்ச ஒரு பொறுப்பு இருக்கெண்டு.”

சித்தப்பா அன்று வெறும் வானோடு போகவில்லை. வீட்டுக்காரி ஒரு பெட்டி நிறையச் செரி ஜாம் போத்தல்களை ஏற்றிவிட்டார். ஷ்லீரனின் அந்தக் கட்டடத்தில் மூன்று தமிழ்க் குடும்பமும் மாதக்கணக்கில் பாணுக்கு அதைத்தான் பூசினார்கள் என்று சித்தப்பா வெகுகாலம் குறைப்பட்டுக்கொண்டார். திங்கட்கிழமை கூசா படிக்கட்டில் இருந்தது. மாலையில் அம்மா அதைக் கழுவி, உள்ளே நாலைந்து உளுந்து வடை போட்டு அனுப்பினார். வீட்டுக்காரர் அவற்றை வைனோடு சாப்பிட்டதாக அறிந்தோம்.

என் தகப்பனார் ஹோட்டல் குசினியிலிருந்து பின்னாளில் அதே ஹோட்டலின் கணக்கு மேசைக்கு உயர்ந்தார். நான் பல்கலைக்கழகம் போகும்வரை அந்தத் தறியறையிலேயே வாழ்ந்தோம். அட்டை மலை நிலவறை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து அழிந்தது.

இனி, நீங்கள் கேள்விப்பட்ட கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு மரம் இழுக்கும் இயந்திரமொன்று மூன்று ஊர்க் கல்லைப் பெயர்த்துக் காட்டுக்குள் இழுத்துப்போய்விட்டது. நிலம் முழுவதும் உழுததுபோல் ஆயிற்று. பீச் மரம் முன்பே விழுந்துவிட்டது. இப்போதெல்லாம் எல்லையை வானத்துச் செய்மதி வைத்து அளக்கிறார்கள். அதை நானும் அறிவேன். ஆனால் கல்லை மறுபடி நடும்போது சாட்சி நிற்கவேண்டும் என்பது சபையின் முறை. அக்காலத்தில் வேறூரில் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மகன் இப்போது அச்சபையில் இருக்கிறார். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “எங்கள் அப்பா உயிரோடு இருக்கும்போது சொல்வார், மேல் கல்லுக்கு அந்தப் பிள்ளை இருக்கிறாள் என்று,” என்றார்.

போனேன். சேற்றில் நின்று கண்ணை மூடினேன். கோட்டைச் சுவர் எந்தப் பக்கம் இருந்தது, காற்று எந்தக் கன்னத்தில் பட்டது என்று நினைத்தேன். சில அடி நகர்ந்து, “இங்கே,” என்றேன். சபையில் இல்லாத எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். கல்லின் அடியில் சுட்ட களிமண் துண்டுகளைப் புதைத்திருப்பார்கள். அவற்றின் வடிவம் சபையாருக்கு மட்டுமே தெரியும். கல் நகர்ந்தாலும் அவை நகரா. மண்வெட்டிகளின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. “நிற்கிறது,” என்றார் வீட்டுக்காரரின் மகன், தகப்பனின் அதே குரலில். நம்மவர் காரிலிருந்து கண்டது இதைத்தான்.

சாட்சி நான் ஒருத்தி மட்டும் அல்ல. இன்னொருவரும் இருந்தார், அவர் இப்போது நம்மிடையே இல்லை.

அந்த வசந்தத்துக்கு அடுத்த வருடம், அதே வியாழக்கிழமை. மூன்று ஊராரும் கல்லைச் சுற்றி நின்றார்கள். வீட்டுக்காரர் புதுப் பிள்ளைகளை அழைத்து அடித்து முடித்தார். அப்போது என் தகப்பனார் குடையை அம்மாவிடம் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு கல்லின் அருகே போய், கன்னத்தைக் காட்டினார்.

வீட்டுக்காரர் தயங்கினார். அவரும் மரியாதை தெரிந்தவர். அப்பா நகரவில்லை. மற்ற இரண்டு ஊராரும் பார்க்கிறார்களா என்று மட்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி கன்னத்தைத் திருப்பினார்.

அடி விழுந்தது. கைதட்டல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பேக்கரிக்காரர் ஒரு பால்பணிசை அவர் கையில் வைத்தார். அப்பா கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

“இனி ஆரும் கேட்டால்,” என்றார் என்னிடம், பணிசைப் பிட்டு எனக்குப் பாதி தந்தபடி, “எனக்குத் தெரியும் எண்டு சொல்லு.”